இரு பந்துகளும் ஒரு நடுவரும்

வழக்காளிகள் இருவர் முன்வந்து நின்றால், அவர்களைச் சமமாக அமர்த்துவதும், பார்வையிலும் பேச்சிலும் வேற்றுமை காட்டாதிருப்பதும் காழியின் கடமை என ஃபிக்ஹு நூல்கள் கூறும். தீர்ப்புப் பிறக்குமுன்னரே நீதி தொடங்கிவிடுகிறது என்பது இதன் கருத்து. இவ்விதி விளையாட்டுத் திடலுக்கும் பொருந்தும் என்பதற்கு, பெல்ஜிய நாட்டுக் கால்பந்து நடுவர் ஜான் லாங்கெனுஸின் வரலாறு நல்ல சான்றாகும்.

1891இல் ஆண்ட்வெர்ப்பை அடுத்த பெர்கெமில் பிறந்த இவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நடுவராக விளங்கினார். முதல் உலகக் கோப்பைப் போட்டிக்காக 1930இல் 'கோந்தே வெர்தே' என்னும் கப்பலேறி உருகுவே சென்றார்.

அவ்வாண்டு ஜூலை 30இல் மான்டிவிடியோ நகரில் இறுதி ஆட்டம். உருகுவேயும் அர்ஜென்டினாவும் லா பிளாட்டா ஆற்றின் இரு கரையினர், பழைய போட்டியாளர். ஆயுதம் உண்டோ எனப் பார்வையாளர்களை வாயிலிலேயே சோதித்தனர். லாங்கெனுஸோ தம் பாதுகாப்புக்கு உறுதி கேட்டார். ஆட்டம் முடிந்ததும் புறப்பட, துறைமுகத்தில் கப்பல் ஆயத்தமாக நிற்க வேண்டும் என்றார். இதைக் கோழைமை என்பாரும் உளர். ஆயின் கோபத்திலும் கலக்கத்திலும் காழி தீர்ப்பளிக்கலாகாது என்பது நம் மார்க்க அறிஞர் அறிந்த விதி. உயிரச்சம் உள்ளவன் தன்னைக் காக்கும் தீர்ப்பையே தேடுவான். அவ்வச்சத்தை அவர் திடலுக்கு வெளியிலேயே தீர்த்துக்கொண்டார்.

அடுத்து எழுந்தது பந்து வழக்கு. தத்தம் நாட்டுப் பந்தால்தான் ஆடுவோம் என இரு அணியினரும் பிடிவாதம் கொண்டனர். முற்பாதிக்கு அர்ஜென்டினப் பந்து, பிற்பாதிக்கு உருகுவேப் பந்து என முடிவாயிற்று. இரு தரப்பும் சமமாக அமர்த்தப்பட்டன.

கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து லாங்கெனுஸ் களமிறங்கினார். முற்பாதியில் அர்ஜென்டினாவின் ஸ்டாபிலே இரண்டாம் கோலை அடித்தபோது, அது ஆஃப்சைடு என உருகுவே வீரர் முறையிட்டனர். அரங்கம் நிறைய இருந்தவர்களோ பெரும்பாலும் உருகுவே மக்கள். நடுவர் அசையவில்லை, கோல் கோலாகவே நின்றது. அர்ஜென்டினா 2–1 என முந்தியது. பிற்பாதியில் உருகுவே மேலும் மூன்று கோல் அடித்து 4–2 என வென்றது.

மறுநாள் உருகுவேயில் பொது விடுமுறை. புவனஸ் அயர்சிலோ உருகுவேயின் துணைத் தூதரகத்தின்மீது கல் வீசப்பட்டது. நேர்மையான தீர்ப்பாலும் தோற்றவன் உள்ளம் ஆறுவதில்லை. அதை ஆற்றுவது நடுவரின் பொறுப்புமன்று.

லாங்கெனுஸ் 1934, 1938 உலகக் கோப்பைப் போட்டிகளிலும் நடுவராயிருந்து, 1952இல் மறைந்தார். ஆரவாரிக்கும் பல்லாயிரவர் நடுவே தனித்து நின்று, அவர்கள் விரும்பாததை உரைத்த அந்த ஒரு கணமே அவர் வாழ்வின் பெருமை. தராசைக் கையில் ஏந்தும் எவருக்கும் அத்தகைய கணம் ஒன்று வந்தே தீரும்.