காசுப் புதையலும் மெட்டல் டிடெக்டரும்: வேலூர் – ஆம்பூர் வட்டாரம்

முன்னொரு காலத்தில் மண்ணிலோ கட்டடத்திலோ மறைத்து வைக்கப்பட்டு, உரியவர் திரும்ப எடுக்காமல் போன நாணயத் தொகுதி காசுப் புதையல் எனப்படும். பாலாற்றுப் படுகையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் ஊர்களும் அவற்றைச் சுற்றிய மலையடிவாரங்களும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இம்மாவட்டத்திலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் புதையல்கள் பெரும்பாலும் கோயில் திருப்பணியிலும், உழவிலும், கிணறோ கடைக்காலோ தோண்டுகையிலும் தற்செயலாகவே வெளிப்பட்டன. மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தை ஒலியால் காட்டும் மெட்டல் டிடெக்டர் பின்னாளில் வந்தது. புதையலை ஆளும் சட்டமோ அந்தக் கருவியைவிட மூத்தது.

காசு மண்ணுக்குள் போன காலம்

வங்கி இல்லாத காலத்தில் சேமிப்புக்குப் பானைதான் பாதுகாப்பு. அடுப்படியிலும் கொல்லையிலும் சுவரிலும் கலயத்தை வைத்து மூடினார்கள். கோயில் செல்வமும் தரைக்கடியில் போனது. படை வருகிறது என்ற செய்தி இவ்வழக்கத்தை விரைவுபடுத்தியது.

மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கணவாய் இறங்கிக் கர்நாடகச் சமவெளிக்கு வருகிற படைகளுக்குப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு இயல்பான வழி. 1749 ஆகஸ்ட்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். 1767இன் இறுதியில் ஹைதர் அலியின் படை ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டது. 1780இல் அவர் மீண்டும் படையெடுத்தபோது வேலூர்க் கோட்டையும் முற்றுகைக்கு உள்ளானது. புதைத்தவர் ஊரைவிட்டு ஓடினாலோ இறந்தாலோ, கலயம் இருக்கும் இடம் அவரோடு போயிற்று.

மண்ணுக்குள் போன காசுகளின் வகையை வட்டாரத்தின் ஆட்சி மாற்றங்கள் தீர்மானித்தன. ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் கொண்ட இராசராசன் செப்புக்காசு தமிழகமெங்கும் கிடைப்பது. படைவீட்டைத் தலைநகராகக் கொண்ட சம்புவராயர் தம் பெயரிலேயே நாணயம் வெளியிட்டனர். விஜயநகர, நாயக்கர் காலத்தில் பொன் வராகனும் பணம் என்னும் சிறு பொற்காசும் புழங்கின. நவாபு காலத்தில் ஆற்காட்டு வெள்ளி ரூபாய் வந்தது. நவாபின் அனுமதியோடு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதே பெயரில் தங்கள் அச்சுச்சாலைகளில் அடித்தனர். 1818இல் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமாக வெள்ளி ரூபாய் அறிவிக்கப்பட்டதும் வராகனின் காலம் முடிவுக்கு வந்தது.

கண்டெடுப்புகள்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் செங்கம் வட்டத்து ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக் காசுத் தொகுதி நாணயவியலில் முக்கியமானது. ஈயம் விலைபோகாத உலோகம். ஆனால் அக்காசுகளில் பழந்தமிழ் எழுத்துகள் இருந்தன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவற்றை வாசித்து, 1981இல் வெளிவந்த தமது தமிழ் நாணய ஆய்வு நூலில் சேந்தன் என்னும் குறுநிலத் தலைவனோடு தொடர்புபடுத்தினார். சேர, சோழ, பாண்டியர் மட்டுமன்றிச் சிறு தலைவர்களும் நாணயம் வெளியிட்டனர் என்பதற்கு இத்தொகுதி சான்றாயிற்று.

ஆம்பூர், வாணியம்பாடிக்குத் தெற்கே நிற்கும் ஜவ்வாது மலையில், கோவிலூர் சிவன் கோயிலில் 2025 நவம்பரில் திருப்பணிக்காகத் தோண்டியபோது 103 பொற்காசுகள் வெளிப்பட்டன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. எடை சுமார் 1.7 கிலோ. இரண்டு இடங்களிலும் காசைக் காட்டியது வேலையாட்களின் கடப்பாரையும் மண்வெட்டியும்தான்.

பழைய கண்டெடுப்புகளில் கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளும் பெயர்பெற்றவை. புதுக்கோட்டைக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தது. சங்ககாலச் செப்புக்காசுகள் கிடைத்த வழி வேறு. கரூர் அமராவதி, மதுரை வைகை, திருக்கோவலூர்த் தென்பெண்ணை ஆகிய ஆறுகளின் மணலைச் சலித்தவர்களிடமிருந்து அவை சேகரிப்பாளர்களின் கைக்கு வந்தன. இரா. கிருஷ்ணமூர்த்தி 1984இல் வெளிக்கொணர்ந்த பெருவழுதி காசு, சேகரிப்பாளர்களின் உழைப்பால் அறியவந்தவற்றுள் ஒன்று.

கருவியின் வரலாறு

1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் மின்காந்தத் தூண்டலில் இயங்கும் கருவி ஒன்றைச் செய்தார். குண்டு அகப்படவில்லை. 1930களில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்ட் பிஷர் கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யூசெப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி 1942இல் எல் அலமெய்ன் களத்தில் பயன்பட்டது. போருக்குப் பின் மிஞ்சிய இராணுவக் கருவிகள் பொதுச் சந்தைக்கு வர, மேலைநாடுகளில் காசு தேடுவது பொழுதுபோக்காக வளர்ந்தது.

தமிழகத்தில் இக்கருவி அறிமுகமானது பாதுகாப்புச் சோதனை வழியே. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பின் நிலைச்சட்ட டிடெக்டரும் கைத்தடி டிடெக்டரும் கூட்டங்களிலும் கோயில்களிலும் வழக்கமாயின. தோல் தொழில் ஊர்களில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஏற்றுமதிக் காலணிகளைத் தைக்கும்போது ஊசி முறிந்து நுனி உள்ளே தங்கிவிட்டால் அணிபவரின் காலைக் குத்தும். எனவே பெட்டியில் அடைப்பதற்கு முன் காலணியை நகரும் பட்டையில் வைத்து ஊசி டிடெக்டருக்குள் அனுப்புகிறார்கள். அலறினால் அந்தக் காலணி ஒதுக்கப்படும்.

இயங்கும் முறையும் இந்த மண்ணும்

கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டுக்குள் கம்பிச்சுருள் இருக்கும். அதில் ஓடும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து எதிர்ப்புலம் உண்டாகும். அதை இன்னொரு சுருள் வாங்கி ஒலியாக மாற்றும். எதிர்ப்புலம் வந்துசேரும் கால வேறுபாட்டைக் கொண்டு இரும்பையும் செம்பையும் ஓரளவு பிரித்தறியலாம்.

ஒற்றைக் காசைச் சாதாரணக் கருவி சுமார் ஒரு சாண் ஆழம்வரைதான் காட்டும். காசு நிறைந்த கலயம் இன்னும் ஆழத்திலும் அகப்படலாம். காசின் அளவும் முக்கியம். 11 கிராமுக்கு மேல் எடையுள்ள ஆற்காட்டு ரூபாய் தெளிவாக ஒலிக்கும். வராகன் ஏறத்தாழ 3.4 கிராம். பொன் பணமோ அரை கிராமுக்கும் குறைவு, பருப்பளவு. தட்டு நேர் மேலே போனாலும் கருவி அதைத் தவறவிடக்கூடும்.

தோல் வட்டாரத்தில் கூடுதல் சிக்கல்கள் உள்ளன. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு தடவப்படுகிறது. பதனிடும்போது அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறுகிறது. பல்லாண்டுகள் இக்கழிவு நிலத்திலும் பாலாற்றிலும் கலந்ததை, வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு நாடறியச் செய்தது. உப்பேறிய ஈரமண் மின்சாரத்தைக் கடத்துவதால், உலோகமே இல்லாத இடத்திலும் கருவி ஒலிக்கும். இரும்புத்தாது கலந்த செம்மண்ணும் இப்படி ஏமாற்றும். ஆணி, கண்ணி வளையம், காலணியின் அடித்தட்டு இரும்பு, பான்மசாலா உறையின் தகடு என மேல்மண்ணிலுள்ள குப்பை ஒவ்வொன்றும் ஒரு பீப் ஒலி. உப்பின் குளோரைடு செம்பை அரித்துப் பச்சைப் பொடியாக்கும் என்பதால், இத்தகைய நிலத்தில் செப்புக்காசு எழுத்தழிந்து கிடைக்கவும் வாய்ப்புண்டு.

சட்டம்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பெல் தம் கருவியைச் செய்வதற்கு மூன்றாண்டு முன்பே நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும், கண்டவர் அதன் தன்மை, தோராய மதிப்பு, இடம், நாள் ஆகியவற்றை எழுத்தில் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோருபவரை அழைப்பார். உரியவர் இல்லையென்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கும் நில உரிமையாளருக்கு ஒரு பங்கும் சேரும். அரசே வைத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கு கூட்டித் தரவேண்டும். மறைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம்.

1972இன் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வேலூர்க் கோட்டை போன்ற மத்திய அரசுப் பாதுகாப்புச் சின்னங்களில் அனுமதியின்றித் தோண்டுவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கையில் டிடெக்டர் இருப்பது தோண்டும் உரிமையாகாது.

புதையல் வேட்டை

கோட்டைச் சுரங்கத்தில் பொன் இருக்கிறது, அமாவாசையன்று பூதம் காவல் காக்கிறது என்ற கதைகள் வடதமிழகத்தில் ஊருக்கு ஊர் உண்டு. இவற்றை நம்பிப் பாழடைந்த கோயில்களிலும் நடுகல் மேடுகளிலும் நள்ளிரவில் குழி வெட்டுவோர் உள்ளனர். டிடெக்டர் வந்த பின் மாந்திரீகரோடு கருவிக்காரரும் சேர்ந்துகொண்டார். இரிடியம் கலசம், அரிசியை ஈர்க்கும் பாத்திரம் எனப்படும் ரைஸ் புல்லிங் ஆகிய பெயர்களில் நடக்கும் மோசடிகளும் இதே ஆசையில் பிழைப்பவை. அரசும் இதற்கு விலக்கல்ல. 2013 அக்டோபரில் ஒரு சாமியாரின் கனவைத் தொடர்ந்து, புவியியல் ஆய்வுத் துறையின் கருவிகள் காட்டிய அறிகுறிகளின் பேரில், உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. ஆயிரம் டன் தங்கம் என்று பேசப்பட்ட இடத்தில் தங்கம் கிடைக்கவில்லை.

கிடைத்த இடத்தின் மதிப்பு

காசை உருக்கினால் உலோக விலை கிடைக்கும். எடுத்து விற்றால் சேகரிப்பாளர் விலை கிடைக்கும். எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையில், எவற்றோடு கிடந்தது என்ற செய்தி மட்டும் இரண்டிலும் தொலையும். ஆற்று மணலில் சலித்த காசுகளுக்கு இக்குறை உண்டு. காலத்தை எழுத்தமைதியையும் சின்னங்களையும் கொண்டே கணிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் 1992இல் டிடெக்டர் வைத்திருந்தவர் முதற்காசுகளைக் கண்டதும் முழுவதையும் தோண்டாமல் தகவல் தந்தார். சுமார் 15,000 ரோமானியக் காசுகளும் பொன், வெள்ளிப் பொருள்களும் அடுக்கியிருந்த பெட்டியின் தடயங்களோடு தொல்லியலாளர் கையில் சேர்ந்தன. அந்நாட்டில் 1996இல் இயற்றப்பட்ட புதையல் சட்டமும், 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டமும் இத்தகைய தேடலை ஆவணத்துக்குள் கொண்டுவந்தன. இந்தியாவில் தனியார் கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் அப்படியொரு திட்டம் உருவாகவில்லை. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், ஆட்சியர், கருவூலம், அருங்காட்சியகம் என்ற பழைய வருவாய்த் துறை வழியே இன்றும் புதையலின் வழி. காசோடு அது கிடைத்த பானை ஓட்டையும் இடத்தின் படத்தையும் சேர்த்து ஒப்படைக்கும்போதுதான் அவ்வழியின் முடிவில் வரலாறும் பதிவாகிறது.