கொம்பியூட்டர் கண் பரிசோதனை: காயப்பட்ட கண்ணுக்கு அதை எவ்வளவு நம்பலாம்?

யாழ்ப்பாணத்தில் கண்ணாடிக் கடைக்குப் போனாலும், பாடசாலையில் நடக்கும் கண் முகாமுக்குப் போனாலும் முதலில் செய்வது பெரும்பாலும் ‘கொம்பியூட்டர் செக்கிங்’ தான். நாடியை வைத்து உள்ளே தெரியும் படத்தைப் பார்த்தால், சில விநாடிகளில் எண்கள் அச்சிட்ட சிறு துண்டு வெளியே வரும். நலமான கண்ணுக்கு அது நல்ல வழிகாட்டி. போரில் கண் காயப்பட்டவர்களுக்கும் விழிவெண்படல நோய் உள்ளவர்களுக்கும் அதே துண்டு தவறான முடிவைத் தரக்கூடும்.

கருவி வேலை செய்யும் விதம்

கருவி செந்நிறக்கீழ்க் கதிரைக் கண்ணுக்குள் அனுப்புகிறது. விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, எந்தப் பவர் தேவை எனக் கணிக்கிறது. போகும்போதும் வரும்போதும் ஒளி விழிவெண்படலத்தைக் கடக்க வேண்டும். கண்ணின் முன்புறத்தில் இருக்கும் இந்த ஒளிபுகும் படலம் நடுவில் அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பானது. கண்ணின் மொத்தப் பவரான சுமார் 60 டயொப்டரில் ஏறத்தாழ 43 இதனுடையது. படலம் தெளிவாகவும் ஒழுங்கான வளைவுடனும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் கருவி கணக்குப் போடுகிறது.

நலமான கண்

வளர்ந்தவர்களின் நலமான கண்ணில், கருவி தரும் எண்ணுக்கும் எழுத்து அட்டையை வாசிக்கவைத்துக் காணும் பவருக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் அரை டயொப்டருக்குள் இருக்கும். திரும்பத் திரும்ப அளந்தாலும் எண் அதிகம் மாறாது.

சிறுவர்கள் விடயத்தில் கவனம் தேவை. கருவிக்குள் பார்க்கும்போது பிள்ளையின் கண் கிட்டப் பார்ப்பதுபோல் இறுகிக்கொள்ளும். அதனால் இல்லாத குறும்பார்வை இருப்பதாகவோ, இருப்பது கூடுதலாகவோ காட்டும். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுச் சோதிப்பது இதற்காகவே.

பாதிக்கப்பட்ட கண்

செல் துண்டு, கண்ணாடிச் சில்லு, மண் துகள் பட்ட விழிவெண்படலம் ஆறும்போது தழும்பு விழுந்து, மேற்பரப்பு மேடுபள்ளமாகிவிடும். படலம் மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் கெரற்றோகோனஸ் நோயிலும், படல மாற்றுச் சத்திரசிகிச்சையில் தையல் இழுக்கும்போதும் வளைவு ஒழுங்கிழக்கும்.

இத்தகைய கண்ணில் மூன்று முறை அளந்தால் மூன்று விதமான எண் வரலாம். ஒரே எண் மூன்று முறை வந்தாலும் அது சரியென்று ஆகாது. கருவி நடுவிலுள்ள சிறு பகுதியை மட்டும் அளந்து, ஒழுங்கற்ற வளைவை ஒழுங்கான சிலிண்டர் பவராக மாற்றி எழுதிவிடும். அதை வைத்துச் செய்த கண்ணாடியைப் போட்டால் தலையிடி வரும், நிலம் சரிந்ததுபோல் தெரியும். சிலவேளை கருவி எண்ணே தராமல் ‘எரர்’ என்று காட்டும்.

‘எரர்’ என்றால் அந்தக் கண்ணுக்கு இனி ஒன்றும் செய்ய இயலாது என்று பொருளல்ல. கருவியால் அளக்க முடியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். 2009 இல் முடிந்த போரில் காயப்பட்ட பிள்ளைகள் இன்று வேலைக்கும் வாகன அனுமதிப்பத்திரத்துக்கும் அலையும் வயதில் இருக்கிறார்கள். ஒரு துண்டுக் கடதாசியைப் பார்த்து அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடக் கூடாது.

கேட்க வேண்டியவை

சிறு துளையிட்ட அட்டையூடாக எழுத்தை வாசிக்கவையுங்கள் என்று கேளுங்கள். துளையூடாகப் பார்வை தெளிந்தால், திருத்தக்கூடிய பார்வை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

ரெட்டினோஸ்கோப் விளக்கால் கையால் சோதித்து, வில்லைகளை மாற்றிமாற்றிப் போட்டுப் பார்த்த பின்பே கண்ணாடிக்கு எழுதவேண்டும். மேடுபள்ளத்தை வரைபடமாகக் காட்டும் டொப்போகிராபி தேவையா என்று கண் வைத்தியரிடம் கேளுங்கள்.

கண்ணாடியால் தெளியாத கண் சிலருக்குக் கடினமான கொன்ராக்ட் லென்ஸால் தெளியும். லென்ஸுக்கும் படலத்துக்கும் இடையில் கண்ணீர் நிரம்பிப் பள்ளங்களைச் சமன் செய்வதே காரணம். நடுவில் தடித்த தழும்பு இருந்தால் படல மாற்று ஒரு வழி. 1961 இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலங்களை அனுப்பி வருகிறது.

கிளினிக்குக்குப் போகும்போது பழைய நோய்நிர்ணய அட்டை, பழைய கண்ணாடி, கருவித் துண்டு மூன்றையும் கொண்டுபோங்கள். கண்ணுக்குள் உலோகத் துண்டு இருக்கலாம் என்றால், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். காயப்பட்ட கண்ணிலோ மற்றக் கண்ணிலோ திடீரெனச் சிவப்பு, நோவு, மங்கல் வந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.