திரையின் அடியில் ஓடிய வரி

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு சின்ன கோப்பு கிடைத்தது. உள்ளே ஆறே ஆறு ஆங்கிலச் சொற்கள். தமிழில் சொன்னால் அகழாய்வு, கல்வெட்டு, பிராமி, சிந்து எழுத்து, மாமல்லபுரம், ஆதிச்சநல்லூர். 2004 வாக்கில் என் கணினித் திரையின் அடியில் ஓடிக்கொண்டிருந்த செய்தி டிக்கருக்கு நான் போட்டிருந்த வடிகட்டி அது. அதன் வம்சாவளியைத் தேடிப் போனதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிக்கர் என்பது சத்தத்தால் வந்த பெயர். நியூயார்க் பங்குச் சந்தையில் விலையைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு பையன்கள் தரகர்களின் அலுவலகங்களுக்கு ஓடிய காலம். 1867-ல் எட்வர்ட் கலஹான் என்பவர், தந்திக் கம்பி வழியே வரும் விலையை ஒல்லியான காகித நாடாவில் தானே அச்சடிக்கும் கருவியைச் செய்தார். டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அதை மேம்படுத்தியவர்களில் எடிசனும் ஒருவர். 1928 நவம்பரில் டைம்ஸ் சதுக்கத்துக் கட்டடத்தைச் சுற்றி 14,800 பல்புகளில் செய்தி ஓட ஆரம்பித்தது. ஹூவர் ஜெயித்த தேர்தல் முடிவை ஜனங்கள் அதில்தான் அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால் இந்த இரண்டிலும் எல்லாருக்கும் ஒரே வரிதான். எனக்கு வேண்டியதை மட்டும் காட்டு என்று பல்பிடம் சொல்ல முடியாது.

அதைச் சொல்ல முடிந்தது 1996-ல், பாயின்ட்காஸ்ட் வந்தபோது. கலிபோர்னியாவில் கிறிஸ்டோபர் ஹாசெட் தொடங்கிய கம்பெனி. மென்பொருள் இலவசம். கணினி சும்மா கிடக்கும்போது ஸ்க்ரீன்சேவராக வந்து தலைப்புச் செய்தி, பங்கு விலை, வானிலை, கூடவே விளம்பரம் எல்லாம் காட்டும். எந்தத் துறை, எந்த ஊர் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். 'புஷ்' தொழில்நுட்பம் என்று இதற்குப் பெயர் வைத்து, இனி பிரவுசரே தேவையில்லை என்கிற தொனியில் வயர்டு இதழ் 1997 மார்ச்சில் அட்டைப்படக் கட்டுரையே போட்டது. அதே வருடம் முர்டோக்கின் நியூஸ் கார்ப் 450 மில்லியன் டாலர் வரை கொடுக்க முன்வந்ததாகச் செய்தி. பேரம் படியவில்லை. 1999-ல் கம்பெனி கைமாறியது ஏறக்குறைய 7 மில்லியனுக்கு!

என்ன ஆச்சு? 'புஷ்' என்று பெயர்தானே ஒழிய, உள்ளே நடந்தது அதற்கு நேர் எதிர். ஒவ்வொரு கணினியும் அடிக்கடி சர்வரைப் போய் "புதுசா ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கும். ஒரே அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே செய்தியைத் தனித்தனியாக இறக்கினால் அன்றைய இணைப்பு என்ன பாடுபடும்? பல நிறுவனங்கள் தடை போட்டன. அலுவலகத்துக்குள்ளேயே ஒரு நகலை வைத்துப் பரிமாறும் சர்வரைப் பிற்பாடு கொடுத்தார்கள். ஆனால் கெட்ட பெயர் கெட்ட பெயர்தான்.

இதைப் படித்துவிட்டு நான் சிரிக்க முடியாது. ஏன்னா அதே தப்பை நானும் செய்தவன். அப்போது லினக்ஸின் கேடிஇ திரைச்சூழலில் கேநியூஸ்டிக்கர் என்று ஒன்று இருந்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட மாதிரி, நானும் பெர்லில் சொந்தமாக ஒரு டிக்கர் எழுதினேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கும். இரண்டே நாளில் ஒரு செய்தித் தளம் எங்கள் அலுவலக முகவரியையே மொத்தமாகத் தடுத்துவிட்டது. நெட்வொர்க் பார்க்கும் அண்ணன் என் சீட்டுக்கே வந்துவிட்டார். "ஏன் தம்பி, ஒரு மணி நேரத்துல 60 தடவை பாக்குற அளவுக்கு அப்படி என்ன மாறிடப்போகுது?" பிறகு அவரே சொல்லியும் கொடுத்தார். 'போன தடவைக்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் கொடு' என்று கேட்க வேண்டும். மாறவில்லையென்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

என்னைப் போன்ற ஒருத்தன் சொந்தமாக டிக்கர் எழுத முடிந்ததற்குக் காரணம் ஆர்.எஸ்.எஸ். (நாக்பூர் சமாச்சாரம் இல்லை.) 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் வெளியிட்ட எளிய வடிவம் இது. தலைப்பு, சுட்டி, இரண்டு வரி விவரம், அவ்வளவே. அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐஐடியில் படித்தவர். நெட்ஸ்கேப் சீக்கிரமே கைகழுவிவிட, டேவ் வைனர் போன்றவர்கள் எடுத்து வளர்த்தார்கள். 2002-ல் வந்த 2.0 பதிப்பில் 'இத்தனை நிமிஷத்துக்கு மறுபடி வராதே' என்று ஓடையே சொல்வதற்கு ஒரு குறிச்சொல் உண்டு. அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கான பதில்! பாயின்ட்காஸ்டில் நடுவே ஒரு கம்பெனி உட்கார்ந்திருந்தது. இங்கே எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே யாரும் இல்லை.

என் வடிகட்டி ஒன்றும் பெரிய புத்திசாலி இல்லை. 'பிராமி' என்று போட்டால் ஞாபகசக்தி லேகியம் வரும். 'அகழாய்வு'க்குப் போட்ட ஆங்கிலச் சொல்லுக்குச் சாலைக்குப் பள்ளம் தோண்டுவதெல்லாம் வந்து விழும். 'கல்வெட்டு'க்கான சொல்லோ, யுனெஸ்கோ ஏதாவது ஒரு கோட்டையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும்போதெல்லாம் மாட்டும். அதற்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. அன்றைக்குத் தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. 'கல்வெட்டு' என்று தமிழில் தேடினால் நிரலுக்கு ஒன்றும் புரியாது. தமிழ்க் கல்வெட்டைப் பற்றி ஆங்கிலத்தில் யாராவது எழுதினால்தான் என் திரைக்கு வரும். தமிழ் நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியில் வந்து போன நடுகல்கள் எத்தனையை விட்டேனோ.

ஆனாலும் 2005 பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அந்த வரியில் மாமல்லபுரம் ஓடியது. சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதில் யானை, குதிரை, சிங்கச் சிற்பங்கள் கரையில் வெளிப்பட்டிருக்கின்றன என்று. கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் படித்தேன்.

அப்புறம் அதே வருடம் கூகுள் ரீடர் வந்தது. சொந்த டிக்கரைக் கைவிட்டேன். 2013 ஜூலை 1-ல் அதையும் மூடினார்கள். இப்போது செல்பேசி தானாகவே செய்தி காட்டுகிறது, நான் எதில் இரண்டு விநாடி நின்றேன் என்று பார்த்து. ஒரு தடவை நடிகர் கல்யாணச் செய்தியில் நின்றுவிட்டேன், ஒரு மாசம் கல்யாணமாக வந்தது. டிக்கருக்கு என்னைப் பற்றி அந்த ஆறு சொல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. தப்பு வந்தாலும் அது நான் எழுதிய தப்பு, நானே திருத்தலாம். எனக்கு அதுதான் வசதி.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பைத்தானில் திரும்ப எழுதினேன். பழைய ஓடை முகவரிகளில் பாதிக்கு மேல் உயிரோடு இல்லை. புதிதாகத் தேடிச் சேர்த்தேன். சொற்களை இந்தத் தடவை தமிழிலும் போட்டு, கீழடியையும் நடுகல்லையும் சேர்த்திருக்கிறேன். அரை மணிக்கு ஒரு தடவைதான் போய்ப் பார்க்கும், 304 எல்லாம் ஒழுங்காகக் கவனித்து. முதலில் வந்து விழுந்த செய்தி, முடி வளர பிராமி தைலம்.