கந்தலில் பிறந்த காகிதம்

கந்தல் துணியைக் காகிதமாக்கும் கலை ஐரோப்பியர் கண்டது என்றும், அதற்கு முந்தைய அரபுக் காகிதம் யாவும் பச்சைப் பருத்தியில் செய்யப்பட்டது என்றும் 19ஆம் நூற்றாண்டில் அறிஞர் பலர் நம்பியிருந்தனர். எகிப்தின் ஃபய்யூம் பகுதியில் கிடைத்த பழஞ்சுவடிகள் வியன்னாவை அடைந்த பின்னரே இந்நம்பிக்கை தகர்ந்தது. யூலியஸ் வீஸ்னர் என்னும் தாவரவியலார் 1880களில் அச்சுவடிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவர் கண்டவை பெரும்பாலும் ஆளிநார்த் துணிக் கந்தலின் இழைகள், மேற்பூச்சோ மாவுக்கஞ்சி. ஓர் உரிமையை நிலைநாட்ட எழுத்தைவிட இழையே வலிய சாட்சியாயிற்று!

கி.பி. 751இல் (ஹி. 133) நிகழ்ந்த தலாஸ் போரில் சிறைப்பட்ட சீனர் வழியே இத்தொழில் சமர்கந்துக்கு வந்தது என்கிறார் தஆலிபி. கதை அழகியதுதான். ஆயினும் மத்திய ஆசியாவில் அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே காகிதம் புழங்கியமையால், அதனை முழுதாக ஏற்க இயலவில்லை. பக்தாதின் அரசு அலுவலகங்களில் காகிதம் புகுந்ததற்கு ஃபழ்ல் பின் யஹ்யா பர்மகீயைக் காரணமாக்குகிறார் இப்னு கல்தூன்.

சீனரோ மரப்பட்டை நாரையே மிகுதியும் நம்பியவர்கள். அத்தகைய மரங்கள் அரிதான வறண்ட நாடுகளில் நைந்த ஆடையும் அறுந்த கயிறுமே மூலப்பொருளாயின. அவற்றைத் துண்டாக்கிச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, அலசி, கூழாகும்வரை இடிப்பர். கூழைச் சல்லடை அச்சில் அள்ளி, நீர் வடித்து, உலர்த்துவர். பின்னர் கஞ்சி பூசி வழவழப்பான கல்லால் தேய்ப்பர். இந்தக் கடைசி வேலைதான் முக்கியமானது. சீனரின் தூரிகைக்கு மென்தாள் போதும். நாணல் கலம் தடையின்றி ஓட வழவழப்பான பரப்பு வேண்டும்.

கந்தலுக்கான தேவை சில வேளை எல்லை கடந்தது. 1200ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் தங்கிய மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார்: நாட்டுப்புறத்தாரும் பதூவீன்களும் பண்டைக் கல்லறைகளைத் தோண்டி, பதப்படுத்திய சடலங்களைச் சுற்றியிருந்த துணிகளை எடுத்தனர். உடுக்கத் தக்கவற்றை உடுத்தினர். ஏனையவற்றைக் காகிதம் செய்வோருக்கு விற்றனர். இறந்தோரின் கண்ணியம் பேணும் மார்க்கத்தைச் சார்ந்த நாட்டில் இது நடந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அக்காகிதத்தில் நூல் எழுதப்பட்டதாகவும் அவர் கூறவில்லை. மளிகைக் கடைக்காரர்கள் அதில் சரக்கு மடித்துக் கொடுத்தனர்.