போர்ஷே டிரான்ஸ்ஆக்ஸில் கார்கள்: டிரைவ் ஷாஃப்ட், பேரிங் பழுதறிதல்

போர்ஷே நிறுவனத்தின் 924 (1976–1988), 928 (1977–1995), 944 (1982–1991), 968 (1991–1995) ஆகிய நான்கு மாடல்களையும் சேர்த்து டிரான்ஸ்ஆக்ஸில் கார்கள் என்பார்கள். எஞ்சின் முன்னால் இருக்கும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும். வண்டியின் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிவதற்காகச் செய்த ஏற்பாடு இது. இரண்டு முனைகளையும் டார்க் டியூப் எனும் விறைப்பான குழாய் ஒன்று பிணைக்கிறது. அதற்குள் விரல் பருமனுக்குச் சற்றே கூடுதலான ஒரு டிரைவ் ஷாஃப்ட், பால் பேரிங்குகள் தாங்க, ஓடுகிறது. 944-இல் இதன் விட்டம் 25 மில்லிமீட்டர்.

இந்தக் கார்களில் ஷாஃப்ட், பேரிங் கோளாறுகளைத் தவறாகக் கணிப்பது மிகச் சாதாரணம். மற்றப் பின்சக்கர இழுவை வண்டிகளில் பழகிய காது இங்கே ஏமாறுவதுதான் முக்கியக் காரணம்.

எது, எதோடு சுழல்கிறது

வழக்கமான பின்சக்கர இழுவைக் காரில் நீளமான ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குப் பின்னால் வருகிறது. ஆகவே அது வண்டியின் வேகத்தோடு சுழலும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் மாடலில் பின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.3, மணிக்கு 100 கிலோமீட்டரில் அதன் ஷாஃப்ட் நொடிக்கு ஏறக்குறைய 66 சுற்று சுற்றும், எந்த கியரில் இருந்தாலும். 944-இல் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் இருந்தால் ஷாஃப்ட் நொடிக்கு 50 சுற்று. வண்டி நகர்ந்தாலும் சரி, நின்றாலும் சரி. கிளட்ச் மிதியை விட்டபடி நியூட்ரலில் சிக்னலில் நிற்கும்போதும் அது உள்ளே சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐடிலில் ஏறத்தாழ 850 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்கு 14 சுற்று சுற்றுகிறது. 215/60 ஆர்15 டயர் போட்ட சக்கரமும் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 14 சுற்றுதான். சத்தத்தின் தொனியை மட்டும் நம்பினால் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாம். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்தால் குழப்பமே இல்லை.

மிதிச் சோதனை

மேனுவல் கியர் வண்டிக்கு முதல் சோதனை இதுவே. கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் சூடான பிறகு நியூட்ரலில் ஐடிலில் விட வேண்டும். 944-இல் கிளட்ச் எஞ்சினோடு முன்னாலேயே இருப்பதால், மிதியை முழுக்க அழுத்தினால் சில நொடிகளில் ஷாஃப்டும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் ஓய்ந்துவிடும். மிதியை விட்டிருக்கும்போது கேட்ட கரகரப்பு அழுத்தியதும் அடங்கினால் சந்தேகம் டார்க் டியூப் பேரிங் மீதும் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மீதும் விழுகிறது. மாறாக, மிதியில் கால் வைத்த கணமே கீச்சிட்டால் அது ரிலீஸ் பேரிங். ஷாஃப்ட் ஓய ஓயச் சத்தம் கூடினால் பைலட் பேரிங். கிளட்ச் பிடித்திருக்கையில் பைலட் பேரிங்கின் உள்வளையமும் வெளிவளையமும் சேர்ந்தே சுற்றுவதால், ஷாஃப்ட் நின்ற பிறகுதான் அதற்கு வேலையே தொடங்குகிறது.

எல்லா டிரான்ஸ்ஆக்ஸில் கார்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. 1972-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டாவில் கிளட்சும் கியர்பாக்ஸோடு பின்னால் போய்விட்டது. எஞ்சின் ஓடும்வரை அதன் ஷாஃப்ட் நிற்கவே நிற்காது. மிதியை எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் தெரியவராது.

மிதிச் சோதனை காட்டிய இரண்டு இடங்களில் எது என்று பிரிக்க மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் வேண்டும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்பதும் உண்டு. குழாய் சத்தத்தை நெடுகக் கடத்துவதால் ஒரே இடத்தில் கேட்டுவிட்டு முடிவுசெய்யக் கூடாது. முன்முனை, நடு, பின்முனை, கியர்பாக்ஸ் கூடு என்று வரிசையாகத் தொட்டு ஒப்பிட வேண்டும். 968-இல் இன்னொரு பொறி இருக்கிறது: அதன் இரட்டை நிறை ஃபிளைவீல் தேய்ந்தாலும் ஐடிலில் கடகடக்கும், அதுவும் டார்க் டியூப் போலவே ஒலிக்கும்.

டார்க் டியூபுக்கு அடியிலேயே புகைக்குழாய் ஓடுகிறது. பல ஆண்டு வெப்பத்தில் பேரிங்கின் கிரீஸ் காய்ந்துபோகும். நெடுங்காலம் ஓடாமல் நின்ற வண்டியில் ஈரம் புகுந்து பந்துகளும் பாதையும் துருப்பிடிக்கும். அதனால் குறைந்த கிலோமீட்டர் காட்டும் வண்டி என்பது இங்கே நல்ல பேரிங்குக்கு உத்தரவாதமில்லை. பேரிங்கைச் சேர புகைக்குழாயையும் பின் ஆக்ஸில்களையும் கியர்பாக்ஸையும் இறக்கியாக வேண்டும். சாமானைவிடக் கூலி பெரிதாகும் வேலை என்பதால் கணிப்பில் செலவழிக்கும் ஒரு மணி நேரம் வீணாகாது.

‘டொக்’ சத்தமும் ரப்பர் கிளட்சும்

ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்று அடித்தால் உடனே சிவி ஜாயின்டை மாற்றிவிடுவது பட்டறைப் பழக்கம். 944-இல் அதற்கு முன் கிளட்சைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை பொருத்திய கிளட்ச் தகட்டின் நடுவில் அதிர்வை விழுங்க ஒரு ரப்பர் வளையம் இருந்தது. ரப்பர் இற்றுப் பிய்ந்தால் தகட்டின் மையத்தில் பல டிகிரி ஆட்டம் வந்துவிடும். அடி முன்னால் விழுகிறது. குழாய் அதைப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஓட்டுநருக்குப் பின்சக்கரத்தில் கேட்டதாகவே தோன்றும். இந்த நான்கு மாடல்களிலும் நான் மிகுதியாகப் பிழைபடுவதாகக் கருதும் கணிப்பு இதுதான்.

சிவி ஜாயின்டுகள் பின்சக்கரத்துக்கு இரண்டு வீதம் நான்கு. ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரெட் ர்செப்பா 1920-களில் வகுத்த பந்து ஜாயின்டின் வழிவந்தவை இவை. முன்சக்கர இழுவை வண்டிகளில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்பதே சிவி ஜாயின்டின் அடையாளம். இங்கே பின்சக்கரம் திரும்புவதில்லை, ஆதலால் அந்த அடையாளத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். சுமையேறும்போது அதிர்வு, சுமை மாறும்போது தட்டல் என்றுதான் தெரியும். பூட் கிழிந்து சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் பெரும்பாலும் கேள்வி அங்கேயே முடிந்தது.

ஜாக்கியில் தூக்கிப் பின்சக்கரங்களைத் தொங்கவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது அபாயகரமானது, ஏமாற்றவும் செய்யும். தொங்கும் சக்கரம் ஜாயின்டை வழக்கத்தைவிட அதிகக் கோணத்தில் மடக்குவதால் நல்ல ஜாயின்டும் தட்டும். பின் ஆக்ஸில் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கி ஆட்டம் பார்ப்பதே மேல். முன்னோக்கிய சுமையில் பந்துப் பாதையின் ஒரு பக்கமே தேய்வதால் இடது ஷாஃப்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டு, தேயாத பக்கத்தில் இன்னும் சில ஆண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. சிக்கனமான, நேர்மையான வைத்தியம்.

வீல் பேரிங்

வண்டி வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் உறுமல், கியர் மாற்றினாலும் நியூட்ரலில் உருளவிட்டாலும் மாறாமல் இருந்தால் வீல் பேரிங் அல்லது டயர். சாலையின் பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் டயர். இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றியபடி சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை மறு கையால் தொட்டால், காதுக்கு எட்டாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும். 944-இன் பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான்; அங்கே டிரெய்லிங் ஆர்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

முன் வீல் பேரிங்குகள் கூம்பு உருளை வகை, இறுக்கத்தைச் சரிசெய்யக்கூடியவை. நட்டுக்கு அடியிலுள்ள வாஷர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தள்ளினால் நகர வேண்டும். அதுவே சரியான இறுக்கம். மிகை இறுக்கமே பேரிங்கை அதிகம் கொல்கிறது. பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். உருளைப் பேரிங்கில் வீழ்ச்சி இன்னும் சற்று அதிகம்.

அதிர்வுமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உதவும்: வெளிவளையத்தில் குழி விழுந்தால், ஒரு சுற்றுக்குப் பந்துகளின் எண்ணிக்கையை 0.4-ஆல் பெருக்கிய அளவு தட்டல்கள் பதிவாகும். ஒன்பது பந்துள்ள ஷாஃப்ட் பேரிங்கில் 3,000 ஆர்பிஎம்முக்கு இது 180 ஹெர்ட்ஸ் அளவில் வரும்.

928 ஆட்டோமேட்டிக்: ஷாஃப்ட் எஞ்சினைத் தின்பது

1978-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருது பெற்ற 928-இல் உள்ள கோளாறு வேறு ரகம், சத்தமே இல்லாதது. ஆட்டோமேட்டிக் மாடலில் டிரைவ் ஷாஃப்டின் முன்முனையை ஃபிளெக்ஸ் பிளேட் எனும் மெல்லிய எஃகுத் தகட்டோடு ஒரு கிளாம்பும் ஒரே போல்ட்டும் பிடித்திருக்கின்றன. ஓட்டத்தில் ஷாஃப்ட் அந்தக் கிளாம்புக்குள் மெல்ல நகர்ந்து இடம் மாறும். தகடு வில்லாக வளைந்து கிராங்க் ஷாஃப்டை ஓயாமல் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டிய திரஸ்ட் பேரிங் தேய்ந்து தீர்ந்ததும், கிராங்க் ஷாஃப்ட் அலுமினிய பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். அதன் பிறகு பழுதுபார்ப்பதற்கு அநேகமாக எதுவும் மிஞ்சாது.

இதைக் கண்டுபிடிப்பதோ எளிது. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் வளைந்திருந்த தகடு துள்ளி நேராகும். எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளலாம். பிறகு டயல் கேஜ் வைத்து கிராங்க் ஷாஃப்டை முன்னும் பின்னும் நெம்பி அச்சுத்திசை ஆட்டத்தை அளக்க வேண்டும். புதிய எஞ்சினுக்கு 0.110 முதல் 0.312 மில்லிமீட்டர் வரை; தேய்மான எல்லை 0.4 மில்லிமீட்டர். எல்லைக்குள் இருந்தால் தகட்டின் இறுக்கத்தை விடுவித்து, போல்ட்டைப் புதிதாகப் போட்டு முறையான விசையில் முடுக்கினால் போதும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் மறுபடி தளர்த்திப் பார்ப்பது நல்லது. வழுக்காத கிளாம்புகளைத் தனியார் தயாரிப்பாளர்கள் விற்பதும் இந்த ஒரு கோளாறுக்காகத்தான். மேனுவல் கியர் 928-இல் இந்த ஃபிளெக்ஸ் பிளேட்டே கிடையாது.