ஆங்கிலிக்கன் மரபும் அறிந்த மொழியும்

ஆங்கிலிக்கன் திருச்சபை 1549இல் இலத்தீனை நீக்கி ஆங்கில வழிபாட்டு நூலை ஏற்றது. 1571இல் இறுதி வடிவம் பெற்ற அதன் 39 கொள்கைக் கூறுகளுள் 24ஆவது, மக்கள் அறியாத மொழியில் பொது வழிபாடு கூடாது என்கிறது. 1841இல் இடையன்குடியில் பணியேற்ற கால்டுவெல், அவ்வழிபாட்டு நூலின் தமிழ் வடிவத்தைத் திருத்துவதிலும் பங்குகொண்டார்.

விசுவாசப் பிரமாணத்தில் வரும் 'கத்தோலிக்க' என்னும் சொல்லை உரோமைச் சபையார் ஒலிபெயர்த்தனர். சீர்திருத்தச் சபையாரோ 'பொதுவான' என்று பொருள்பெயர்த்தனர். தொன்மையான உலகளாவிய சபையின் தொடர்ச்சியாகவும் சீர்திருத்தம் பெற்றதாகவும் தன்னைக் கருதும் ஆங்கிலிக்கன் மரபுக்கு இச்சொல் பொருந்திற்று. ஒலிபெயர்ப்பு, கேட்போர்க்கு வேறொரு சபையின் பெயராகவே தோன்றியிருக்கும்.

தென்னிந்தியாவில் 1947இலும், மும்பை உள்ளிட்ட வட இந்தியாவில் 1970இலும் இம்மரபு ஐக்கிய சபைகளில் இணைந்தது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குக் குடிபெயர்ந்த கிறித்தவர்களுடன் இச்சொற்களும் சென்றன. அங்கு மராத்தியோ இந்தியோ வழியாகப் பயிலும் பிள்ளைக்கு 'விசுவாசம்', 'ஞானஸ்நானம்' ஆகிய வடசொற்கள் எளிதில் விளங்கும். தமிழ்ச் சொல்லாகிய 'பொது' விளங்காமற் போகலாம். தமிழை விட்டால் முன்னோர் வழிபாடு அறுபடும். விளக்காது ஓதினால் 24ஆம் கூறு பொருளிழக்கும். எனவே 'அறிந்த மொழி' எது என்பதை மொழிபெயர்ப்பாளர் இடந்தோறும், தலைமுறைதோறும் மீண்டும் வரையறுக்க வேண்டியுள்ளது.