நடுவுல யாரு?

நான் பேமென்ட் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து சொல்லப்போவது வெட்கக்கேடு.

போன வருஷம் திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பாவின் பழைய மொபெட்டை விற்க வேண்டியிருந்தது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வண்டி எடுப்பதில்லை. ஆன்லைனில் போட்டோ போட்ட அரை மணி நேரத்தில் ஒருத்தன் கூப்பிட்டான். ராணுவத்தில் இருக்கிறானாம். பேரமே பேசவில்லை. "சும்மா டெஸ்ட்டுக்கு சார்" என்று 5 ரூபாய்க்கு ஒரு க்யூஆர் கோடு அனுப்பினான். அப்பாவின் போனில் ஸ்கேன் செய்தேன். 5 போனது, உடனே 10 வந்தது. அடுத்த கோடு 18,000க்கு. அவன் பேச்சை நிறுத்தவேயில்லை. உள்ளேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பின் நம்பரைப் போட்டேன். போனது. வரவில்லை. அது மிளகாய் விற்ற பணம்.

பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா திட்டவில்லை. ஒரே கேள்விதான். "நடுவுல யாருய்யா இருந்தது?"

"யாரும் இல்லப்பா, நேரடியாத்தான்."

"யாருமே இல்லாம எப்பிடி விக்க முடியும்?"

கேள்வி விடாமல் துரத்தியது. எங்கள் துறையில் இரண்டு தளபதிகள் சிக்கல் என்று ஒன்று உண்டு, 1970களில் எழுதப்பட்டது. இரண்டு மலைகளில் இரண்டு படைகள், நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. ஒரே நேரத்தில் தாக்கினால்தான் ஜெயிக்க முடியும். ஆனால் அனுப்பிய தூதன் போய்ச் சேர்ந்தானா, அவன் கொண்டுவரும் பதில் திரும்பி வருமா என்று எந்தப் பக்கமும் முழுசாக உறுதி செய்துகொள்ள முடியாது. முடியாது என்பதற்கு நிரூபணமே இருக்கிறது. முன்பின் தெரியாத இருவர் பொருளையும் காசையும் மாற்றிக்கொள்வதும் கிட்டத்தட்ட இதே கதைதான்: யார் முதலில் கையை விடுவது?

கோவலனை நினைத்துப் பாருங்கள். புகாரில் மாசாத்துவான் மகன் என்றால் போதும். மதுரையில் அவன் கையில் ஒரு காற்சிலம்பு மட்டும்தான் இருந்தது, அது அவனுடையதுதான் என்று சொல்ல ஆள் இல்லை. பொற்கொல்லனுக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த வறண்ட சீமையில் அந்தச் சிக்கலுக்கு ஒரு விடை சுவராகவே எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் தெற்கே திருநெல்வேலிப் பக்கமிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். வழியில் திருட்டு பயம். அதனால் வண்டியும் மாடும் சரக்கும் இராத்தங்க மதிலெழுப்பிப் பேட்டைகள் கட்டினார்கள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களும் இப்படி வளர்ந்தவை. பேட்டையில் இறங்கும் சரக்குக்கு ஒரு சிறு தொகை, அதற்குப் பெயர் மகமை. காவலுக்கும் பராமரிப்புக்கும் போக மிஞ்சியது பொதுக் காரியத்துக்கு. விருதுபட்டியில் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசியும் எடுத்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது.

ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்களைப் பற்றிய நூலைப் படித்தபோது எனக்குச் சுவரைவிட மகமைக் கணக்குதான் பெரிதாகத் தெரிந்தது. மகமை கட்டுபவன் உறவின்முறைக்குள் இருப்பவன். வழக்கு வந்தால் உறவின்முறை கூடி விசாரிக்கும். ஏமாற்றினால் போவது அந்த ஒரு வியாபாரம் மட்டுமல்ல, இராத்தங்கும் இடம், கடன், மகள் கல்யாணம் எல்லாம் சேர்ந்துதான். ஓடிப்போவதற்கு விலை அதிகம். என் ராணுவக்காரனுக்கோ ஒரு சிம் கார்டு விலைதான்.

இதைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. சாதி பார்த்து நம்பிக்கை தரும் ஏற்பாடு அது. அந்தச் சுவர் திருடனுக்காக மட்டும் எழுந்ததும் இல்லை. 1899 சிவகாசிக் கலவரத்தைப் படித்தவர்களுக்கு இது தெரியும்.

அந்தக் கணக்கில் பெயர் இல்லாத சம்சாரிக்கு என்ன வழி? தரகர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவது விலையை மறைக்கத்தான், ஆனால் தரகருக்கு அது தெரியும். அச்சாரம் அவர் பார்க்கக் கை மாறும். பிறகு வாங்குபவன் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு. தாத்தா பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் வருவார், மாடு மட்டும் புதுக் கயிற்றில் போகும் என்கிறார் அப்பா. மிளகாய்க்கும் பருத்திக்கும் கமிஷன் கடை. தூரத்து வியாபாரி பணம் தராவிட்டால் அது கடைக்காரர் பாடு. சம்சாரிக்கு அவர் பட்டியல் போட்டுக் காசைக் கொடுத்துவிடுவார். எஸ்க்ரோ என்று நாங்கள் படம் போட்டு விளக்குவதை அவர் ஒரு கல்லாப்பெட்டியில் நடத்தினார். சும்மா இல்லை: கமிஷன், எடையில் கழிவு, விதைப்புக்குக் கொடுத்த முன்பணத்தால் வேறு கடைக்குப் போக முடியாத கட்டு. நம்பிக்கை இங்கே என்றைக்குமே இலவசமாகக் கிடைத்ததில்லை.

திருச்சுழிக்காரர் ஒருவரின் கதை மட்டும் இதில் எதிலும் அடங்கவில்லை. 1896இல் மதுரையிலிருந்து சொல்லாமல் கிளம்பிய வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், பின்னால் ரமணர். கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் காதுக் கடுக்கன்களைக் கொடுத்து 4 ரூபாய் கேட்டார். பாகவதர் பார்த்தார், 20 ரூபாயாவது பெறும். பையனின் முகவரியை எழுதிக்கொண்டார், தன் முகவரியையும் எழுதிக் கொடுத்தார். எந்த அடகுக்கும் அதுதான் உயிர். பையன் வெளியே வந்து அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டார். திரும்ப வாங்கும் எண்ணமில்லாதவருக்குச் சீட்டு எதற்கு? எனக்குப் பிடித்தது பாகவதர்தான். முன்பின் தெரியாத பையன், 20 பெறும் பொருளை 4க்குத் தருகிறான். அவர் ஆதாயம் பார்க்காமல் முகவரி எழுதிக் கொடுக்கிறார்.

யூபிஐ 2016இல் வந்தபோது நாங்கள் பெருமைப்பட்டதே நடுவில் ஆள் இல்லை என்பதற்குத்தான். நொடியில் போகும், போனால் திரும்பாது. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்ட் வசதியை 2025 அக்டோபர் 1இலிருந்து என்பிசிஐ நிறுத்திவிட்டது. ஒரு கதவு மூடியாயிற்று. என்னை ஏமாற்றிய க்யூஆர் வழி வேறு. அங்கே பின் நம்பரைப் போட்டது நானேதான்.

வண்டி போன மாதம் விற்றது. அப்பா டீக்கடைக்காரரிடம் சொல்லிவைத்தார், அவர் நரிக்குடிப் பக்கமிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். 11,000 ரொக்கம். அப்பா இரண்டு தடவை எண்ணினார். ஃபார்ம் 29, 30இல் கையெழுத்துப் போட்டார். மீதி 500ஐ ஜிபேயில் அனுப்புகிறேன் என்றார் வந்தவர். அப்பா தன் போனை எடுக்கவில்லை, டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். கல்லா மேலிருந்த பெட்டி ஐந்நூறு ரூபாய் வந்ததாகச் சத்தமாகச் சொன்னது. கடைக்காரர் கல்லாவைத் திறந்து, நாலு டீக்குக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை அப்பாவிடம் கொடுத்தார்.